விழாத பக்கத்துப் பீலி

அன்றைக்கு அந்த முற்றத்தில் நின்றவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் வந்து, நானும் நின்றனான், நானும் கண்டனான் என்று கதை விடக்கூடாது. தாழ்வுபாட்டு ஊரில் பாதிச் சனம் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்ததை நான் அறிவேன். நின்றது ஆறு பேர். வள்ளம் கட்டுகிற சந்தியா ஓடாவியார். அவருடைய மனைவி திரேசம்மா. அவர்களுடைய மகள் பிலோமினா. யன்னலுக்கு உள்ளே நின்றாலும் நின்றதாகத்தான் கணக்கு. என்னுடைய அம்மா. நான் வேலை செய்த கடையின் முதலாளி மீரா நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். பிறகு நான். முதலாளி கூட்டி வந்த கழுதையையும் சேர்த்தால் ஏழு. கழுதையை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

இதெல்லாம் இப்போது ஏன் நினைவுக்கு வந்தது என்றால், போன கிழமை பேரன் ஆட்களைக் கூட்டி வந்து எங்கள் வீட்டுக் கூரை விளிம்பைக் கழற்றினான். அலுமினியம் போடப் போகிறானாம். பச்சை நிறமாம். நல்ல மத்தியான வெய்யில். பழைய பீலிக்குக் கீழே அலவாங்கைக் கொடுத்து நெம்பினார்கள். நெம்பியதும் சூடேறிய தாரின் மணம் குப்பென்று முற்றமெல்லாம் பரவியது. கதிரையில் இருந்தபடி நான் கண்ணை மூடிக்கொண்டேன். பேரன் பயந்துபோய் ஓடி வந்து, தாத்தா, நெஞ்சு நோகுதோ என்று கேட்டான். நெஞ்சு ஒன்றும் நோகவில்லை. நான் மன்னார் உப்புக்குளத்தில், மீரா நானாவின் கடைக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

பீலி என்றால் உங்களுக்கு விளங்கும்தானே? ஓட்டுக் கூரையில் இருந்து வழிகிற மழைத்தண்ணியை ஏந்தி, ஒரு மூலைக்குக் கொண்டுபோய் விடுகிற தகட்டு வாய்க்கால். மற்ற ஊரில் அது இருந்தால் வசதி, இல்லாவிட்டால் முற்றம் சேறாகும், அவ்வளவுதான். மன்னார்க் கரையில் அப்படி இல்லை. கிணற்றைத் தோண்டினால் பாதிக் கிணறு உவர். மாரி மழையைப் பீப்பாவில் பிடித்து வைத்தவன் நல்ல தேத்தண்ணி குடிப்பான், பிடிக்காதவன் குடத்தோடு அலைவான். ஆகவே எங்கள் ஊரில் கூரை விளிம்புத் தகடு என்பது அலங்காரச் சாமான் அல்ல. அதைத் தெரிந்து எடுத்துக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அந்தத் தலையோ, ஏற்கெனவே கவலை நிறைந்த தலை.

அப்பா கடலோடு போனபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அதோடு படிப்பும் போயிற்று. வளர்ந்து மீரா நானாவின் இரும்புக் கடையில் நின்றேன். கொழும்பில் இறங்குகிற தகடு ரயிலில் மன்னாருக்கு வரும். கட்டை அவிழ்த்தால் புதுத் தகட்டின் மணம் ஒன்று வரும், நாக்கின் அடியில் காசை வைத்ததுபோல. அதோடு கயிற்று மணம், மண்ணெண்ணெய், தார்ப் பீப்பா. இந்த மணத்துக்குள்தான் நான் ஆளானேன்.

வருகிறவர்கள் தகட்டின் கேஜ் கேட்பார்கள். இலக்கம் கூடினால் தகடு மொத்தம், அதாவது தடிப்பு, என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அது மறுவளம். முப்பதாம் கேஜ் கடுதாசி மாதிரி இருக்கும், இருபத்தினாலாம் கேஜ்தான் மொத்தம். இதைச் சொன்னால், பெரிய இலக்கத்தை ஒளித்து வைத்துக்கொண்டு சின்னதை விற்கப் பார்க்கிறான் என்று என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். சிலர் ஈயத் தகடு கேட்பார்கள், கறள், அதுதான் துரு, பிடிக்காதாம். பிடிக்காதுதான். ஆனால் எங்கள் வெய்யிலுக்கு அது இளகிச் சரியும். அதோடு ஈயத்தில் ஓடிய தண்ணியைக் குடிக்கக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஈயம் வாங்கிப்போன ஒருவரின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்துபோய், தண்ணி பிடிக்கிறீங்களோ என்று விசாரித்தவன் நான். அவர் கோழிக்கூட்டுக்குப் போட்டிருந்தார். கோழிகளை நினைத்து அன்றிரவும் நித்திரை இல்லை. செம்பு நல்ல சாமான்தான். ஆனால் கூரை விளிம்பில் செம்பைப் போட்டால் ஏணி வைத்து ஓர் ஆள் காவலும் போடவேண்டும்.

மீரா நானா சொல்லுவார், "நீ தகடு விக்கிறியோ, தகட்டைக் கட்டிக்கொடுத்துப்போட்டு வாசலிலை நிண்டு அழுறியோ?"

அவர் சிரிக்கலாம். கறள் பிடித்த தகட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்து நிற்பது என் முன்னால்தான். கொண்டச்சியில் இருந்து ஒருவர் வந்தார். சாக்கை அவிழ்த்து மேசையில் கொட்டினார். தகடு என்று ஒன்றுமில்லை, சிவந்த தூள். போன சோழகத்துக்கு முன் நான்தான் வெட்டிக் கொடுத்தது. சோழகம் தெரியும்தானே, தென்மேற்கில் இருந்து மாதக் கணக்காக அடிக்கிற காற்று. கடலைக் கிள்ளிக் கிள்ளி வீட்டில் தெளிக்கும். அந்தக் காலத்தில் மழையும் இல்லை, படிந்த உப்பைக் கழுவ. காலையில் யன்னல் கம்பியில் விரலை வைத்து நக்கினால் கருவாடு கழுவிய தண்ணி மாதிரிக் கரிக்கும். நான் நக்கிப் பார்த்திருக்கிறேன், கம்பியை மட்டுமல்ல.

அந்தத் தூளைக் கண்ட பிறகுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்று சொல்வது மரியாதைக்கு. பயம். கடையில் இருந்த தகடுகளில் எல்லாம் உள்ளங்கை அளவு துண்டு வெட்டினேன். ஒரு பலகையில் அறைந்து கடலுக்கு நேரே நிறுத்தி வைப்பது, எது முதலில் சாகிறது என்று பார்ப்பது. இதற்கு இடம் தேடித் தாழ்வுபாட்டுக்குப் போனேன். கரையிலேயே சந்தியா ஓடாவியாரின் வள்ளம் கட்டுகிற கொட்டில் இருந்தது. சுறா எண்ணெய் மணத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்க் கேட்டேன். அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தகரத்தைச் சிலுவையில் அறைய வந்திருக்கிறான் ஒருத்தன் என்று வேலைகாரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆனாலும் இடம் தந்தார். கடைசித் துண்டுக்கு எனக்கு ஆணி போதவில்லை. தன் பெட்டிக்குள் கையை விட்டு, வள்ளத்துக்கு அடிக்கிற செப்பாணி இரண்டு எடுத்து நீட்டியவரும் அவர்தான். அதை நன்றாக நினைவில் வைத்திருங்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய நான் பலகையைப் பார்க்கப் போனேன். ஊர் வேறு மாதிரிக் கதைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முதல் ஆறேழு ஞாயிறு நான் தகட்டைத்தான் பார்த்தேன். பிறகு ஒருநாள் பிலோமினா தகப்பனுக்குச் சோறு கொண்டு வந்தாள். பலகைக்கு முன்னால் நின்று, "இதிலை எது முதல் போகும்?" என்று கேட்டாள். சிரிக்காமல் கேட்ட முதல் ஆள் அவள். தெரியாது என்றேன். அடுத்த ஞாயிறு எனக்கு முன்னமே வந்து பார்த்துவிட்டு, "செப்பாணி அடிச்ச துண்டுதான் போகுது, ஆணியைச் சுத்தி ஓட்டை விழுது" என்றாள். உண்மைதான். அதே தகட்டில் வெட்டிய மற்றத் துண்டு, துத்தநாக முலாம் பூசிய ஆணியில் பத்திரமாக இருந்தது. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு படித்த மகன், உப்புத்தண்ணிக்குள் இரண்டு உலோகம் சேர்ந்தால் மின்சாரம் மாதிரி ஏதோ ஓடும் என்று விளங்கப்படுத்தினான். நான் தலையாட்டினேன். இன்றைக்கும் தெரியாது.

இரண்டு வீட்டாரும் கலியாணம் பேசி எல்லாம் ஒத்து வந்தது. மகளுக்குச் சீதனமாகக் கடற்கரையோரம் ஓட்டு வீடு கட்டினார் ஓடாவியார். மாப்பிள்ளை வீட்டார் போய் வீடு பார்ப்பது வழக்கம். பார்ப்பது என்றால், நல்ல வீடு என்று சொல்லி, பலகாரம் சாப்பிட்டு வருவது. அம்மா வழியெல்லாம் எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தா. அறைகளைப் பார்த்தோம். நல்ல அறைகள். வெளியே வந்து நான் மேலே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

விளிம்புத் தகட்டையும் பீலியையும் எங்கள் கடைத் தகட்டில்தான் போடத் தொடங்கியிருந்தார். ஆனால் மலிவென்று மெல்லிய தகடு. பழைய வள்ளங்களில் கழற்றிய செம்பை வாராக வெட்டி, அந்த வாரில் பீலியைத் தொங்கவிட்டு, செப்பாணியால் அறைந்திருந்தார். வள்ளக்காரன் எவனும் அப்படித்தான் செய்வான். கடலுக்குள் கிடந்து ஊறுகிற பலகையைப் பிடித்து வைத்திருப்பது செப்பாணி. இரும்பாணி ஒரு வருடத்தில் அழுதுவிடும், செம்பு சிரித்துக்கொண்டிருக்கும். மரத்துக்கு அது சரி. அவருக்கு எல்லாம் மரம்.

வாயை மூடிக்கொண்டிரு என்று மனது சொன்னது. வாய் கேட்கவில்லை. "செம்பு இந்தத் தகட்டைத் தின்னும், ஓடாவியார்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "தம்பி, நான் கட்டின வள்ளம் இராமேசுவரம் போய் வருகுது. அதைப் பிடிச்சு வைச்சிருக்கிற ஆணி உம்மட பீலியைப் பிடியாதோ?" என்றார். பலகையில் நடந்ததைச் சொன்னேன். பலகையும் பீலியும் ஒன்றோ என்று கேட்டார். அம்மா பின்னால் இருந்து என் சட்டையை இழுத்தா. நான் விடவில்லை. கவலைக்காரனுக்கு ஒரு குணம் உண்டு. ஊருக்கெல்லாம் பயப்படுவான், ஆனால் பயப்படுகிற காரியத்தைப் பற்றி மட்டும் ஒருவனுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான்.

கடைசியில் அவர் வாசல் நடுவில் நின்று, கையால் வீட்டை இரண்டாக வெட்டிக் காட்டினார். "வலக்கைப் பக்கம் என்ர. இடக்கைப் பக்கம் உம்மட. உமக்கு விருப்பமான தகட்டைப் போடும். மாரி மழைக்கு என்ர பக்கம் நிண்டால், மாமனைத் திருத்த வந்த மாப்பிள்ளை எனக்கு வேண்டாம், நீர் வேறை பெட்டை பாரும். என்ர பக்கம் விழுந்தால் பெட்டையும் தாறன், உம்மட தகட்டுக் காசும் தாறன்."

திரும்பி வரும் வழியில் அம்மா முன்னால் வேகமாக நடந்தா. உப்புக்குளம் வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டா: "ராசா, பெட்டையை விடப் பீலி பெரிசோ உனக்கு?"

என் பக்கத்துக்கு இருபத்தினாலாம் கேஜ் எடுத்தேன். காசைச் சம்பளத்தில் கழிக்கச் சொன்னேன். தொங்கவிடுகிற வாரும் அதே தகட்டில், ஆணியும் முலாம் பூசினது. தகடு வெட்டிய விளிம்பில்தான் கறள் முதலில் வாய் வைக்கும். அங்கேயும் வெளிப்பக்கத்திலும் தார் பூசினேன். உள்ளுக்குப் பூசவில்லை, குடிக்கிற தண்ணி. சுவரோடு ஒட்டாமல் காற்றுப் போக இடைவெளி விட்டேன். வெய்யிலில் தகடு நீளும் என்பதால் பொருத்துகிற இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றைக் கொஞ்சம் ஏற்றினேன். தண்ணி தேங்காமல் ஓடச் சரிவும் வைத்தேன். இறங்கி வந்து பார்த்தால் என் பக்கம் கறுத்துப்போய்க் காகம் உட்கார்ந்ததுபோல் இருந்தது. அவர் பக்கம் வெள்ளித் தகடும் செப்பு வாருமாகத் தேர் மாதிரி மினுங்கியது.

பிறகு சோழகம் தொடங்கியது. அந்த மாதங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். கலியாணம் அந்தரத்தில் நிற்கிறபோது நான் அந்த வளவுக்குள் போகக்கூடாது. ஞாயிறுகளில் தெருவால் நடந்து, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்ப்பேன். வலப்பக்கம் மினுங்கிக்கொண்டே இருந்தது. ஓடாவியார் அதற்குச் சுறா எண்ணெய் தடவுகிறாராம். மற்றவர்கள் கலியாணத்துக்கு முன் கனவில் பெண்ணைக் காண்பார்கள். நான் என் பீலி கழன்று விழுவதைக் கண்டேன். சில நாள் அது எங்கள் கோயில் மணி மேலே விழுந்து சத்தம் போடும்.

"செப்பாணித் துண்டு தற்செயலாப் போயிருந்தால்?" என்று மீரா நானாவிடம் கேட்டேன். அவர் கணக்கில் இருந்து தலையை நிமிர்த்தாமல், "அப்ப பெரியமடுவிலை ஒரு பெட்டை பாப்பம். அங்கை கடலும் இல்லை, உனக்குக் கவலையும் இல்லை" என்றார்.

ஐப்பசியில் ஒருநாள் வடகிழக்கு மூலை கறுத்தது. ஓடாவியார் ஆள் அனுப்பினார்: தாயையும் முதலாளியையும் கூட்டிக்கொண்டு உடனே வரட்டாம். மீரா நானா கழுதையில் ஒரு பெட்டி ஈச்சம்பழம் ஏற்றினார். எதற்கு என்று கேட்டேன். வென்றால் விருந்து, தோற்றால் திரும்பி வரும் வழியில் நாங்களே தின்னலாம் என்றார்.

நாங்கள் போய்ச் சேரவும் முதல் துளி விழுந்தது. ஓடாவியார் வாசலில் வெள்ளை வேட்டியோடு நின்றார். கழுதையை வலப்பக்க விளிம்புக்குக் கீழே கட்டச் சொன்னார், அங்கேதான் நனையாதாம். பிறகு பீப்பாவைப் பார்த்தார். முகம் மாறியது. வீட்டில் ஒரே ஒரு பீப்பா. வலப்பக்க மூலையில் வைக்கச் சொல்லிக் காலையில் கட்டளை இட்டிருக்கிறார். அது இடப்பக்க மூலையில், என் பீலி முடிகிற வாய்க்கு நேரே நின்றது.

"ஆர் இதை மாத்தினது?"

திரேசம்மா முந்தானையைத் திருத்தினா. யன்னலுக்குள் இருந்து குரல் வந்தது, "நான்தான் அப்பா."

"ஏன்?"

"குடிக்கத் தண்ணி வேணுமெல்லோ."

அவர் அதற்கு வாய் திறக்குமுன் வானம் திறந்துகொண்டது. மாரியின் முதல் மழை எங்கள் ஊரில் பெய்கிறது இல்லை, கவிழ்கிறது. ஓடெல்லாம் ஒரே இரைச்சல். இரண்டு பீலியிலும் தண்ணி ஏறியது. நான் செபமாலையைச் சட்டைப் பைக்குள் பிடித்துக்கொண்டு என் பக்கத்தை மட்டும் பார்த்தேன். தண்ணி சரிவில் ஓடி, மூலையில் திரும்பி, பீப்பாவுக்குள் கொட்டத் தொடங்கியது. அப்போது மற்றப் பக்கத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம். பீலியின் நடு தொய்ந்தது. தொய்ந்த இடத்தில் தண்ணி கட்டியது. ஒரு வார் விட்டது, அடுத்தது விட்டது, பிறகு முழுப் பீலியும் தண்ணியோடு கழுதையின் முதுகில் இறங்கியது. கழுதை கத்திய கத்தல் தலைமன்னார் வரை கேட்டிருக்கும். கயிற்றை அறுத்துக்கொண்டு, ஈச்சம்பழப் பெட்டியோடு கடற்கரைப் பக்கம் பறந்தது. மீரா நானா சாரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் பறந்தார்.

ஓடாவியார் மழைக்குள் இறங்கி, விழுந்ததைத் தூக்கிப் பார்த்தார். செப்பு வார்கள் எல்லாம் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தன. வார் தொட்ட இடத்தில் எல்லாம் தகடு ஓட்டை ஓட்டையாக, இடியப்ப உரல் மாதிரி. மேலே மினுங்கியது வெறும் சுறா எண்ணெய்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நனைந்த வேட்டியோடு நிமிர்ந்து சொன்னார்:

"செம்புக்கு ஒண்டும் ஆகேல்லை."

"ஓம் மாமா," என்றேன், "செம்புக்கு ஒண்டும் ஆகேல்லை."

அவரை மாமா என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். அந்தப் பெரிய மனிதர் மழைக்குள் நின்று சிரித்த சிரிப்பை நான் எங்கே போய்ச் சொல்ல. திரேசம்மா, இல்லை, மாமி, பீப்பாவில் முதல் கிண்ணம் மொண்டு வந்து எனக்குத் தந்தா. மாதக் கணக்காக ஓட்டில் படிந்த உப்பெல்லாம் அதற்குள் இருந்தது. வாயில் வைக்க முடியாத கரிப்பு. மடமடவென்று குடித்து, இன்னும் ஒரு கிண்ணம் கேட்டேன். அம்மா அழுதுகொண்டு சிரித்தா. யன்னலைப் பார்த்தேன். யன்னல் காலியாக இருந்தது. அவள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

கழுதையோடு திரும்பி வந்த மீரா நானா, வியாபாரி அல்லவா, மூச்சு வாங்கியபடியே தகட்டுக் காசை ஞாபகப்படுத்தினார். மாமா வேட்டியைப் பிழிந்துகொண்டு சொன்னார், "தாறன். ஆனால் ஒரு மழைக்கு நிண்டதை வைச்சுத் தகட்டுக்கு விலை சொல்லேலாது. மருமோன்ர பக்கம் எவ்வளவு காலம் நிக்குது எண்டு பாத்து, அது விழுகிற அண்டைக்கு எண்ணித் தாறன்."

அவர் வலப்பக்கத்தையும் என் மாதிரியே போடச் சொன்னார். தாழ்வுபாட்டில் அதற்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கும் கடலோரத் தகடு என்று என்னிடம்தான் வந்து கேட்டார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் சோழகத்துக்கு முன் ஏணி வைத்து ஏறி, இடப்பக்கத்துக்குத் தார் பூசினேன். வலப்பக்கத்தை இரண்டு தரம் மாற்றியாயிற்று. என் பக்கத்தை விழ விடவில்லை. கடைசியில் அது தகட்டில் பூசிய தாரா, தாருக்குள் ஒளிந்த தகடா என்று எனக்கே தெரியாது. போன கிழமை வரை நின்றது, அவ்வளவுதான்.

மாமா போய்விட்டார். அவர் கொட்டில் இருந்த இடத்தில் கண்ணாடி நார் படகுகள் கவிழ்ந்து கிடக்கின்றன, சுறா எண்ணெய் மணம் ஒரு துளியும் இல்லை. மீரா நானாவின் கடையில் யாரோ உடுப்பு விற்கிறார்கள். ரயிலில் வரும் அந்தத் தகட்டுக் கட்டும் இல்லை. போன கிழமையோடு பீலியும் இல்லை.

நெம்பிய பீலியைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டபோது நான் பிலோமினாவைக் கூப்பிட்டேன். "உன்ர அப்பற்ற வாக்கு இண்டைக்கு நிறைவேற வேணும். காசை எடு" என்றேன். அவள் வந்து பார்த்தாள். குனிந்து ஒரு தட்டுத் தட்டினாள். கணீரென்றது.

"இது விழேல்லை," என்றாள், "கழட்டினது."

ஆக, நிலுவை அப்படியே நிற்கிறது: ஒன்பது ரூபாய் முப்பத்தைந்து சதம்.